ஷெரீப் அலுவலகம்: பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஷெரீப் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை மீது வந்த ‘கங்கா’வையும் ‘ஜக்கம்மா’வையும் 1972ல் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை நாங்கள். பிற்பாடு பம்பாய்க்குப் பிழைக்க வந்து ஆங்கிலப் படங்களையும் பார்த்தபோது, மார்பில் நட்சத்திரம் குத்திக்கொண்டு தெருவின் நடுவே கால் அகற்றி நிற்பவர்தான் ஷெரீப் என்று மனதில் பதிந்துபோனது.

இந்த ஊரிலும் ஒரு ஷெரீப் உண்டு என்று ரயில்வே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1980ல் நடிகர் திலீப்குமார் பம்பாயின் ஷெரீப். 1994ல் சுனில் கவாஸ்கர். துப்பாக்கியும் இல்லை, குதிரையும் இல்லை. நகரத்தின் பெரிய மனிதர் ஒருவருக்கு ஓராண்டு காலத்துக்குத் தரப்பட்ட கௌரவப் பதவி அது. கல்கத்தாவிலும் அப்படியொரு பதவி உண்டு. சென்னையிலும் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நீதிமன்றத்தின் உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரியாக வந்த பதவி, காலப்போக்கில் அலங்காரமாக நின்றுவிட்டது.

மூன்றாவதாக ஒரு ஷெரீப் இருக்கிறார். அவர் சினிமா ஷெரீப்பும் இல்லை, அலங்கார ஷெரீப்பும் இல்லை. அமெரிக்காவில் நம் பிள்ளைகள் குடியிருக்கும் வட்டாரத்தில் அன்றாடம் வேலை செய்கிறவர். அவருடைய அலுவலகம் என்னென்ன செய்து தருகிறது என்று நாம் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை 2024 பொங்கல் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாயின் இரண்டு நாள்

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். கணவர் தவறிப் பத்து வருஷமாகிறது. ஒரே பையன், அமெரிக்காவின் மேற்குக் கரையில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் ஆகவில்லை, தனியாகத்தான் இருக்கிறான். தினமும் நம் நேரம் காலை ஆறு மணிக்குப் போன் போட்டு, “அம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்பான். காலை ஆறு மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? அவன் கணக்கில் அது சாயங்காலம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் பொங்கல் ஜனவரி 15, திங்கட்கிழமை. அன்று காலை போன் வரவில்லை. பண்டிகை நாள், பிள்ளை தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று அக்கா பானையை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார். மதியமும் வரவில்லை, ராத்திரியும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பொங்கல் படத்துக்கு ஒற்றை டிக் மட்டும். மறுநாள் மாட்டுப் பொங்கலன்று காலை ஆறரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் போன். கை நடுங்குகிறது.

“தம்பி, ரெண்டு நாளா அவன் சத்தமே இல்ல. சர்க்கரைக்கு ஊசி போடுற பையன். யார்கிட்ட கேக்கன்னு தெரியலையே.”

அலுவலகத்தில் விசாரிக்கலாம் என்றால் அங்கே அது மூன்று நாள் சேர்ந்த விடுமுறை. ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள். அவன் வரவில்லையே என்று தேட அங்கே ஒரு ஆளும் இல்லை. 911க்கு அடிக்கலாமே என்றால், இங்கிருந்து அந்த எண்ணைப் போட்டால் அமெரிக்காவுக்குப் போகாது. அது அந்த நாட்டுக்குள் இருப்பவர்களுக்கான எண்.

கலிபோர்னியாவில் இருக்கும் என் மகளைக் கூப்பிட்டேன். அங்கே திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. “அப்பா, பதறாதீங்க. இதுக்கு வெல்ஃபேர் செக்னு ஒண்ணு இருக்கு. அட்ரஸ் மட்டும் சரியா கொடுங்க” என்றாள். முகவரியில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்து அந்த ஊர் போலீசைக் கூப்பிட்டாள். அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. “தபாலுக்கு மட்டும்தான் அந்த முகவரி எங்கள் ஊர். வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. அது கவுண்டி நிலம், ஷெரீப் அலுவலகத்தைக் கேளுங்கள்” என்றார்கள். இந்தத் திசைதிருப்பலில் இருபது நிமிஷம் போய்விட்டது. அக்கா என் வீட்டு சோபாவில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே இருந்தார்.

ஷெரீப் அலுவலகத்தின் அவசரமில்லாத அழைப்புகளுக்கான எண்ணில் பேசிய பெண்மணி வரிசையாகக் கேள்வி கேட்டாராம். பெயர், வயது, பிளாட் எண், என்ன கார், என்ன நிறம், கடைசியாக எப்போது பேசினார், தினமும் பேசுவாரா, நோய் ஏதாவது உண்டா, மருந்து என்ன, வீட்டில் நாய் உண்டா, ஆயுதம் உண்டா, சாவி யாரிடம் இருக்கும். மகள் ஒரு போனில் அவரோடும் இன்னொரு போனில் எங்களோடும் பேசினாள். அக்கா சொன்ன ஒவ்வொரு பதிலும் கடல் தாண்டிப் போனது.

ஐம்பது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. குடியிருப்பு மேலாளரை வைத்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். பையன் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தான். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, இன்சுலின் போட முடியாமல், சர்க்கரை தாறுமாறாக ஏறி அரை மயக்கம். ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலரைப் படித்துத் தெரிந்துகொண்டால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனே பேசினான். எடுத்த எடுப்பில், “அம்மா, சாப்பிட்டியா?”

யார் இந்த ஷெரீப்?

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பழைய இங்கிலாந்தில் மாவட்டத்துக்கு ‘ஷயர்’ என்று பெயர். அரசனுக்காக அதை மேற்பார்வை செய்தவர் ‘ரீவ்’. ஷயர் ரீவ் என்ற இரண்டும் ஒட்டி ஷெரீப் ஆயிற்று. நம் ஊர் மணியக்காரரைப் போல வரியும் வசூலித்தார், குற்றவாளியையும் பிடித்தார். 1215ல் எழுதப்பட்ட மாக்னா கார்ட்டா சாசனத்திலேயே ஷெரீப் வருகிறார். ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவுக்கு அந்தப் பதவியும் கூடவே போனது. அதே பதவிதான் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறி வந்தது. ஆக மூன்று ஷெரீப்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த பிரிவு கவுண்டி. ஏறக்குறைய நம்முடைய ஜில்லா. நாடு முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உண்டு. கலிபோர்னியாவில் மட்டும் 58. பெரும்பாலான மாநிலங்களில் ஷெரீப்பை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கமான பதவிக்காலம் நான்கு வருஷம். மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! எல்லா இடத்திலும் அப்படியில்லை. அலாஸ்காவில் கவுண்டி ஷெரீப் கிடையாது. கனெக்டிகட் மாநிலம் 2000ம் ஆண்டு வாக்கெடுப்பில் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டது. லூசியானாவிலும் கென்டக்கியிலும் சொத்து வரி வசூலிப்பதும் ஷெரீப்தான். பழைய மணியக்காரர் வேலை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

நகரத்துக்குத் தனிப் போலீஸ் இருக்கும். அந்த நகர எல்லைக்கு வெளியே இருக்கும் கவுண்டி நிலத்துக்குக் காவல் ஷெரீப்பின் பொறுப்பு. சில நகரங்கள் தனிப் படை வைத்துக்கொள்ளாமல் ஷெரீப் அலுவலகத்துக்குப் பணம் கட்டிக் காவலை ஒப்படைத்துவிடும். 1954ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் லேக்வுட் நகரம் இப்படி ஆரம்பித்துவைத்தது, பிறகு பல நகரங்கள் அதே வழியில் போயின. ஆப்பிள் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் கூபர்டினோவுக்கும் சொந்தப் போலீஸ் இல்லை. சான்டா கிளாரா கவுண்டி ஷெரீப்பின் ஆட்கள்தான் ரோந்து வருகிறார்கள். ஒட்டியுள்ள சன்னிவேலில் நகரத்துக்கே சொந்தமான பொதுப் பாதுகாப்புத் துறை உண்டு. அங்கே போலீஸ்காரரே தீயணைப்பு வீரராகவும் பயிற்சி பெற்றவர். தெருவைக் கடந்தால் அதிகாரம் மாறிவிடும். எங்கள் இருபது நிமிஷம் போன ரகசியம் இதுதான்.

என்னென்ன செய்து தருகிறார்கள்?

முதலாவது, நலம் விசாரித்தல். வெல்ஃபேர் செக் என்று மேலே சொன்னது. தனியாக இருக்கும் ஒருவரோடு தொடர்பு அறுந்து, கவலைப்பட நியாயமான காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உறவுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, உள்ளூர்க்காரராகவும் இருக்க வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து 001 போட்டு, அந்த ஷெரீப் அலுவலகத்தின் பத்து இலக்க எண்ணைப் போட்டால் போதும். வந்து பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் அதற்குப் பில் தனியாக வரும். அக்கா மகனுக்கும் வந்தது. உயிருக்கு முன்னால் அது பெரிதா?

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. சும்மா நலம் விசாரிக்க வந்தோம் என்ற காரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வாரண்ட் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் போலீஸ் நுழைய முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. உள்ளே இருப்பவர் ஆபத்தில் இருக்கிறார் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் நுழையலாம். ஆகவே “போன் எடுக்கவில்லை” என்று மட்டும் சொன்னால், கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடக்கூடும். “தினமும் பேசுகிறவன், இன்சுலின் போடுகிறவன், இரண்டு நாளாகப் பேச்சு இல்லை” என்று சொல்வதுதான் கதவைத் திறக்கும் சாவி.

இரண்டாவது, கைரேகை. பள்ளியில் தொண்டு செய்ய, சில வேலைகளுக்கு, உரிமங்களுக்குக் கைரேகை தேவைப்படும். பல ஷெரீப் அலுவலகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகின்றன. கலிபோர்னியாவில் சிறுவர்களுக்கான அமைப்புகளில் தொடர்ந்து பணிபுரியும் தொண்டர்களுக்கும் 2022 முதல் கைரேகைச் சரிபார்ப்பு கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை ‘அ, ஆ’ சொல்லிக்கொடுக்கும் தமிழ்ப் பள்ளி டீச்சருக்கும் இது பொருந்தும். என் மகளோடு நானும் கூடப் போனேன். மை கிடையாது, கண்ணாடி மேல் விரலை உருட்டி எடுக்கிறார்கள். பத்து நிமிஷ வேலை. மரியாதையாகப் பேசினார்கள்.

மூன்றாவது, நீதிமன்றக் காரியங்கள். சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது, தீர்ப்புப்படி ஜப்தி செய்வது, வீட்டைக் காலி செய்விப்பது எல்லாம் ஷெரீப்பின் வேலை. வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். கலிபோர்னியாவில் வீட்டுக்காரர் தன்னிஷ்டத்துக்குப் பூட்டை மாற்றி வெளியே தள்ள முடியாது. நீதிமன்றம் உத்தரவிட்டு, ஷெரீப் அலுவலகம் ஐந்து நாள் அவகாச நோட்டீஸ் ஒட்டி, அதன் பிறகு அவர்களே வந்துதான் காலி செய்விக்க வேண்டும்.

இதே வரிசையில் வருவது, வீட்டில் அடி உதை வாங்கும் பெண்ணுக்கான பாதுகாப்பு உத்தரவு. நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டால், அதைக் கணவன் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது ஷெரீப்பின் ஆள். கலிபோர்னியாவில் இதற்குக் கட்டணம் இல்லை. கணவனின் விசாவை ஒட்டிப் போயிருக்கும் நம் பெண்கள் பலர், “புகார் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ” என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த உத்தரவு கேட்பதற்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டியதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் காதில் போட்டு வையுங்கள், பெண்ணின் காதிலும் போட்டு வையுங்கள்.

நான்காவது, சிறை. அமெரிக்காவில் கவுண்டிச் சிறை வேறு, மாநிலச் சிறை வேறு. பிடிபட்டு விசாரணைக்குக் காத்திருப்பவரும் குறுகிய தண்டனை பெற்றவரும் கவுண்டிச் சிறையில் இருப்பார்கள். பல கவுண்டிகளில் அதை நடத்துவது ஷெரீப். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொள்ளும் நம் பையன்கள் ராத்திரியைக் கழிக்கும் இடம் அதுதான். உள்ளே இருப்பவர் பெயரைத் தேடிப் பார்க்கும் வசதியைப் பல அலுவலகங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கைதானால், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின்படி அவருக்கு உண்டு. வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

ஐந்தாவது, தேடுதலும் மீட்பும். மலையேறப் போய் வழி தவறினால் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் தேடும் பொறுப்பு ஷெரீப்புடையது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் அவர் கீழ் வேலை செய்கிறார்கள். மலைக்குப் போகும் பிள்ளை, எந்தப் பாதை, எப்போது திரும்புவேன் என்று ஒரு ஆளிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். தேடுபவருக்கு அதுதான் முதல் தடயம்.

ஆறாவது, முதியோர் காவல். மறதி நோய் வந்த பெரியவர்கள் வீட்டை விட்டு நடந்து போய்விடுவதுண்டு. 1999ல் வர்ஜீனியாவின் செசபீக் ஷெரீப் அலுவலகத்தில், சின்ன ரேடியோ வளையம் ஒன்றை மணிக்கட்டில் மாட்டிவிடும் திட்டம் தொடங்கியது. ‘ப்ராஜெக்ட் லைஃப்சேவர்’ என்று பெயர். காணாமல் போனால் அலைவரிசையைப் பிடித்துத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொண்டு போனவர்கள் தங்கள் கவுண்டியில் இது உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இவை தவிரச் சின்னச் சின்ன உபகாரங்கள் பல. ஊருக்குப் போகும்போது பூட்டின வீட்டை ரோந்தில் எட்டிப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மிஞ்சிப்போன மாத்திரைகளைப் போடப் பெட்டி வைத்திருப்பார்கள். கார் விளக்கு எரியவில்லை என்று சீட்டு எழுதிவிட்டால், சரி செய்து கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து தெருவைக் கவனித்துக்கொள்ளும் ‘நெய்பர்ஹுட் வாட்ச்’ இயக்கத்தை 1972ல் நாடு முழுக்கக் கொண்டுபோனதும் தேசிய ஷெரீப் சங்கமே.

கடைசியாக ஒன்று. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். விபத்திலோ திடீரென்றோ மரணம் நேர்ந்தால் காரணத்தை விசாரிக்கும் அதிகாரி கொரோனர். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் 48ல் ஷெரீப்பே கொரோனர். உடலை ஒப்படைப்பதும் இறப்புச் சான்றிதழுக்கான காரணத்தைத் தருவதும் அந்த அலுவலகத்தின் வழியாகத்தான். ஊருக்கு உடலைக் கொண்டுவரத் தவிக்கும் குடும்பம், இந்தியத் துணைத் தூதரகத்தோடு இந்த அலுவலகத்தையும் தொடர்புகொள்ள வேண்டியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு

எல்லாம் நன்மை என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மை. அங்கே போலீஸ்காரர் ஆயுதத்தோடு வருகிறார், எதிரே இருப்பவரிடமும் ஆயுதம் இருக்கலாம் என்ற நினைப்போடு வருகிறார். 2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரத்தில், பேரனைப் பார்க்கக் குஜராத்திலிருந்து போயிருந்த 57 வயதுக்காரர் காலையில் வாக்கிங் போனார். யாரோ சந்தேகப்பட்டுப் போன் செய்ய, வந்த நகரப் போலீஸ்காரர் ஒருவர் அவரைத் தரையில் தள்ளினார். ஆங்கிலம் தெரியாத அந்த மனிதர் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு முடங்கிப்போனார். நம்மைப் போல ஆறு மாசம் பிள்ளை வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய சம்பவம். போலீஸ் நிறுத்தினால் ஓடாதீர்கள், பாக்கெட்டில் கைவிடாதீர்கள். இரண்டு கையும் தெரியும்படி அப்படியே நில்லுங்கள். மகள் எனக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தாள். வீட்டு முகவரி, அவள் எண், ‘எனக்கு ஆங்கிலம் அதிகம் வராது’ என்ற ஒரு வரி. எனக்கு ஆங்கிலம் வரும் என்று முதலில் ரோஷப்பட்டேன். பிறகு பேசாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மன உளைச்சலில் இருப்பவருக்கு உதவி வேண்டுமானால் போலீசைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. 2022 ஜூலை முதல் 988 என்ற எண் அதற்கென்றே இயங்குகிறது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதாலேயே ஷெரீப் தவறே செய்யாதவர் ஆகிவிட மாட்டார். மறைத்து வைத்துத் துப்பாக்கி கொண்டுபோகும் அனுமதியை வேண்டியவர்களுக்குச் சலுகையாகக் கொடுத்தார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் சான்டா கிளாரா கவுண்டியின் அன்றைய ஷெரீப் 2022 நவம்பரில் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அவர் பதவி விலகியிருந்தார். ஓட்டுப் போட்டவர்கள் கேள்வியும் கேட்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். குடியேற்றத் துறையோடு சேர்ந்து வேலை செய்ய ஒப்பந்தம் போட்டிருக்கும் ஷெரீப் அலுவலகங்கள் சில மாநிலங்களில் உண்டு. கலிபோர்னியாவில் 2017ல் வந்த சட்டம் அத்தகைய ஒத்துழைப்பைப் பெருமளவு கட்டுப்படுத்துகிறது. எந்த ஊரானாலும் விசாக் காகிதங்களைச் சரியாக வைத்திருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. “ஷெரீப் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். ஜூரி பணிக்கு நீங்கள் வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்” என்று போன் வந்தால் அது மோசடி. எந்த ஷெரீப்பும் போனில் அபராதம் வசூலிப்பதில்லை. நம்மூரில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோவில் மிரட்டுகிறார்களே, அதன் அண்ணன் தம்பிதான் இது.

இன்றே செய்து வையுங்கள்

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். அதோடு ஒரு தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முழு முகவரி, பிளாட் எண்ணோடு. அந்த வீட்டுக்குக் காவல் நகரப் போலீசா, ஷெரீப்பா? அவர்களுடைய பத்து இலக்க எண் எது? குடியிருப்பு மேலாளரின் எண். பக்கத்தில் இருக்கும் ஒரு நண்பரின் எண். கார் விவரம், நோய், மருந்து. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டினாலும் சரி, பீரோ கதவில் ஒட்டினாலும் சரி. அங்கே ஆஸ்பத்திரிகள் அந்தரங்கச் சட்டத்தைக் காட்டி விவரம் சொல்லத் தயங்கும். அவசரத்துக்கு யாரிடம் பேசலாம் என்று பிள்ளையே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவைப்பது நல்லது.

இந்த ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். அவசரத்துக்கு 112, முதியோர் உதவிக்கு 14567. அங்கிருக்கும் பிள்ளைகள் இந்த எண்களோடு பக்கத்து வீட்டு எண்ணையும் வைத்திருக்கட்டும். கடல் இரண்டு பக்கமும் ஒரே கடல்தானே.

மூன்றாம் மாடி அக்கா வீட்டு பிரிட்ஜ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கடைசி வரியில் அந்த ஷெரீப் அலுவலகத்தின் எண்ணை என் கையால் எழுதிக் கொடுத்தேன். மேலே ஒரு தலைப்பும் போடச் சொன்னார். “என்னக்கா போட?” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பையன் பேசலைன்னா… அப்படின்னு போடு தம்பி” என்றார். அப்படியே எழுதினேன்.

இதுவரை அந்த எண்ணுக்கு மறுபடி தேவை வரவில்லை. காலை ஆறு மணிக்குப் போன் வந்துகொண்டுதான் இருக்கிறது.